நாக்பூர் வழியாக ஆத்தூர்

நம் டெலிபோன் இலாகா தமிழ் ஊழியர் மலருக்குக் கட்டுரை கேட்டு உங்களில் இரண்டு பேர் போன மாதம் லக்ஷ்மிபாய் நகரில் என் மகள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். "நாட்டை நினைத்து நான் பெருமைப்பட்ட நாள்" என்று தலைப்பையும் நீங்களே கொண்டு வந்தீர்கள். காபி கொடுத்தேன். எழுத முடியாது என்றும் சொல்லி அனுப்பிவிட்டேன். அணை கட்டியதையும் ராக்கெட் விட்டதையும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "பேசுங்கள், லைனில் இருக்கிறார்கள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவள். அதில் என்ன பெருமை கொட்டிக் கிடக்கிறது என்று நினைத்தேன்.

நீங்கள் படியிறங்கிப் போகும்போது ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நம்ம டிபார்ட்மெண்ட்ல பெருமைப்பட என்னய்யா இருக்கு, சலோ." என் கண்ணுக்குத்தான் வயதாகியிருக்கிறது, காதுக்கு இல்லை. அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. மறுநாளே பேனாவை எடுத்துவிட்டேன். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று தெரியும். அம்மாவை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது தில்லியிலிருந்து வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மணிக்கணக்கில் ஆகும். பதிவான ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சீட்டு. வரிசைப்படி சீட்டை எடுத்து, அந்தந்த ஊர் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, இணைத்துக் கொடுப்போம். எதிர்முனையிலும் எங்களைப் போல ஒருவர் உட்கார்ந்திருப்பார். எங்களுக்குள் பெயர் சொல்லிக்கொள்ளும் வழக்கம் கிடையாது, ஊர்தான் பெயர். நான் தில்லி. அந்தப் பக்கம் மெட்ராஸ், கல்கத்தா, நாக்பூர். "க்யா தில்லி, ஜலதோஷமா?" என்று நாக்பூர் விசாரிப்பாள். வருடக்கணக்காகப் பேசியிருப்போம். அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, குட்டையா நெட்டையா என்பதெல்லாம் தெரியாது. ஆனால் ஆயிரம் பேர் பேசுகிற இடத்தில் அவள் குரலை மட்டும் தனியாகப் பிரித்துவிடுவேன்.

முதல் வருடம் நான் செய்த ஒரு கோளாறைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம். கிட்வாய் நகரிலிருந்து ஒரு மாமி மாயவரத்துக்குப் பேசப் பதிவு செய்திருந்தார். அது எங்கள் ஊர்ப் பக்கத்துத் தமிழ். கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏழாவதாக இருந்த அவர் சீட்டை உருவி முதலாவதாக வைத்தேன். மாமி வளைகாப்புச் சேலையின் நிறத்தைப் பற்றி இரண்டு தவணை, ஆறு நிமிடம், பேசினார். உண்மையில் முதலாவதாக இருந்தவர் ஒரு வங்காளிக்காரர். மெட்ராஸில் ஆஸ்பத்திரியில் கிடந்த தம்பியை விசாரிக்கக் காத்திருந்தாராம். அவர் எழுதிப் போட்ட புகார் எங்கள் சூப்பர்வைசரிடம் வந்தது.

சூப்பர்வைசர் ஒரு பஞ்சாபி அம்மாள். நாங்கள் மேடம் என்போம். கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் எப்போதும் ஒரு பென்சில். பிரிவினையின்போது அந்தப் பக்கத்திலிருந்து சின்னப் பெண்ணாக வந்தவர். யாருடைய செய்தியோ வரும் வரும் என்று காத்திருந்து, வராமலே போனதாக மற்றவர்கள் சொல்வார்கள். நான் கேட்டதில்லை. அவர் யாரையும் திட்டவும் மாட்டார். புகாரை என் முன்னால் வைத்து, "உன் ஆட்களுக்கு மட்டும் ஜல்தி லைன் கிடைக்கிறதாமே?" என்று ஹிந்தியில் கேட்டார், அவ்வளவுதான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இனிமேல் ஸ்விட்ச்போர்டின் முன்னால் உட்கார்ந்தால் நான் தமிழச்சியே இல்லை என்று அன்றைக்குச் சபதம் செய்தேன்.

அந்தச் சபதத்தைக் காப்பாற்றியதுதான் என் இரண்டாவது கோளாறு.

மூன்று வருடம் போயிருக்கும். மே மாதம். முந்தின நாள் விடிவதற்குள் அடித்த ஆந்தியில், அதாவது புழுதிப் புயலில், தில்லி முழுவதும் புழுதி. போகிற வழியில் எங்கெங்கோ கம்பங்கள் சாய்ந்து, மெட்ராஸுக்கான நேர் லைன்கள் எல்லாம் படுத்துவிட்டன. தெற்கே போக வேண்டியவை அத்தனையும் நாக்பூர் வழியாகத்தான் போக வேண்டும். அதிலும் உருப்படியாக இரண்டே லைன். ஒன்று பொதுமக்களுக்கு, இன்னொன்று அமைச்சகங்களுக்கென்று ஒதுக்கியது. என் முன்னால் சீட்டுகள் குவிந்து கிடந்தன.

பதினொரு மணி சுமாருக்கு சரோஜினி நகர் தபாலாபீஸ் கவுண்ட்டரிலிருந்து ஒரு அழைப்பு பதிவானது. சேலம் ஜில்லா, ஆத்தூர், அரசாங்க ஆஸ்பத்திரி. சாதாரண அழைப்பு. நேரமாகும் என்று சொல்வதற்காகக் கவுண்ட்டரைக் கூப்பிட்டேன். "ஆத்தூர் கால் யாருடையது?" என்று ஹிந்தியில்தான் கேட்டேன். கவுண்ட்டர்காரர் ரிசீவரை அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டார், அவளிடமும் அதையே கேட்டேன்.

"அம்மா, நீங்க தமிழுங்களா?"

"போலியே ஜி," என்றேன். சொல்லுங்கள் என்று.

"எம்பேரு அஞ்சலைங்க. இங்க நாலு வூட்டுல பாத்திரம் தேய்க்கறேன். எம்பொண்ணு செல்விய ஊர்ல தங்கச்சிகிட்ட உட்டுட்டு வந்துருக்கறோம். கால்ல ஆணி ஏறி சீழ் புடிச்சிருச்சாம். நாளைக்கு ஆப்ரேசன்னு தந்தி வந்துருக்குது, வூட்டுக்காரம்மா படிச்சு சொன்னாங்க. அவளுக்கு அந்த ஊசி ஆவாதும்மா. போன வருசம் இங்க ஒரு டாக்டரு போட்டு, உடம்பெல்லாம் வீங்கி மூச்சே நின்னு போச்சு. பெரியாஸ்பத்திரில பொழைக்க வெச்சு, இனிமே அந்த ஊசி போட்டா உசுருக்கு ஆபத்துன்னு சீட்டுல சிவப்பு மசில எழுதிக் குடுத்தாங்க. அந்தச் சீட்டு எங்கிட்டல்ல கெடக்குது. அங்க ஒருத்தருக்கும் தெரியாதும்மா."

ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது. நான் ஹிந்தியில் பதில் சொன்னேன். உங்கள் முறை வரும்போது வரும், சாயங்காலத்துக்குள் கிடைத்துவிடும், அங்கேயே இருங்கள் என்று.

அவள் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் "அச்சா ஜி" என்றாள்.

என்னை நியாயப்படுத்திக்கொள்ளக் காரணம் இல்லாமல் இல்லை. ஆப்பரேஷன் நாளைக்கு. லைன் சாயங்காலம் கிடைக்கும். போதுமே. அதற்குள் அவளை முன்னால் தள்ளினால், மறுபடி உன் ஆட்களா என்று மேடம் கேட்பார். என் இடது பக்கம் ஒரு பஞ்சாபிப் பெண், வலது பக்கம் ஒரு வங்காளிப் பெண். இரண்டு பேரும் என்னையே கவனித்துக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. உண்மையில் அவரவர் சீட்டு அவரவர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. என்னைக் கவனிக்க யாருக்கு நேரம்?

இரண்டு மணி வாக்கில் சாப்பாட்டு இடைவேளை. தயிர் சாத டப்பாவைத் திறந்தேன். எதிரே தந்திப் பிரிவில் வேலை செய்யும் ஒரு சிநேகிதி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே புலம்பினாள். ஆந்தியில் லைன் போனதிலிருந்து தெற்கேயிருந்து வர வேண்டிய தந்தி நேற்று ஒன்றுகூட வரவில்லையாம், நேற்றையது அத்தனையும் இன்று காலையில்தான் மொத்தமாக வந்து இறங்கியதாம், கை ஒடிந்துவிட்டதாம்.

நான் ஸ்பூனைக் கீழே வைத்தேன். அஞ்சலையின் தந்தியில் "நாளைக்கு ஆப்பரேஷன்" என்று இருக்கிறது. அதை எழுதினவர்களுக்கு எந்த நாள் நாளை? நேற்று எழுதியிருந்தால், அந்த நாளை இன்றைக்கு அல்லவா?

எழுந்து ஓடினேன். கை கழுவினேனா என்றுகூட நினைவில்லை. சரோஜினி நகர் கவுண்ட்டரைப் பிடித்தேன்.

"பையா," என்றேன், அண்ணா என்று ஹிந்தியில். "அந்த மதராஸி அம்மா இருக்காங்களா?"

"இங்கேதான் தரையில உட்கார்ந்திருக்காங்க. தண்ணி குடிக்கக்கூட எழுந்து போகல."

"அவங்க தந்தியை வாங்குங்க. தலைப்பில் கொடுத்த தேதியும் நேரமும் போட்டிருக்கும். என்ன?"

காகிதம் பிரிகிற சத்தம். "நேத்து. பகல் பன்னிரண்டு மணி."

காலையில் அதைப் படித்துச் சொன்ன வீட்டுக்கார அம்மாளைக் குற்றம் சொல்ல மாட்டேன். தந்தியின் வாசகத்தைத்தான் எல்லோரும் படிப்பார்கள். தலைப்பில் இருக்கும் தேதியைப் பார்ப்பது எங்கள் வேலை. வாசகத்தைச் சொன்னபோதே தேதியைக் கேட்டிருக்க வேண்டியவள் நான். ஹிந்தியில் கறாராகப் பேசுவதிலேயே குறியாக இருந்ததில் அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

"ரிசீவரை அவங்ககிட்ட குடுங்க," என்றேன். "அஞ்சலை, நான் தமிழ்தான்."

"தெரியுமுங்க," என்றாள். "ஆத்தூரை அட்டூருன்னு சொல்லாம ஆத்தூர்னு சொன்னீங்களே."

குறையாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

மேடத்தின் மேஜைக்குப் போய் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பென்சிலைக் கீழே வைக்காமல் கேட்டார். "தமிழ்ப் பெண்ணா?"

"ஆமாம் மேடம்."

"வங்காளிப் பெண்ணாக இருந்தால் இப்படி என்னிடம் ஓடி வந்திருப்பாயா?"

"காலையிலேயே வந்திருப்பேன் மேடம். தமிழ்ப் பெண் என்பதால்தான் மூன்று மணி நேரம் உட்கார வைத்தேன்." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேடம் பென்சிலைக் கீழே வைத்தார். நான் பார்த்தவரை அதுதான் முதல் தடவை. "பாகல்!" என்றார். பைத்தியமே. "உன் ஆட்களுக்குச் சலுகை காட்டாதே என்றுதானே சொன்னேன்? அவர்களை யாரோ ஆக்கிவிடு என்றா சொன்னேன்? போ, அமைச்சக லைனை எடு."

அந்த லைனைத் தொட எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அவருக்கும் கிடையாது என்றுதான் நினைக்கிறேன். என் பின்னாலேயே வந்து நின்றுகொண்டார்.

"போல், தில்லி," என்றாள் நாக்பூர், சொல்லு என்று. நான் நான்கு வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இரு என்று சொல்லிவிட்டு மெட்ராஸைப் பிடித்தாள். மெட்ராஸ் ஆத்தூரைப் பிடித்தது. இணைத்துவிட்டார்கள். என் காதில் எண்ணெயில் வடாம் பொரிகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அஞ்சலை "அலோ, அலோ" என்று கத்துகிறாள், ஆத்தூருக்கு அது போய்ச் சேரவே இல்லை.

"தில்லி, உன்னை எனக்குக் கேட்கிறது. மெட்ராஸும் எனக்கு நன்றாகக் கேட்கிறது. மெட்ராஸுக்கு ஆத்தூர் கேட்கிறதாம். முழுசாகப் போட்டால்தான் ஒன்றும் கேட்கவில்லை," என்றாள் நாக்பூர். "நீ எனக்குச் சொல். நான் மெட்ராஸுக்குச் சொல்கிறேன்."

பிள்ளைகளே, இணைத்துக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்வதுதான் எங்கள் வேலை. யார் பேச்சையும் கேட்கக் கூடாது, நடுவில் பேசவே கூடாது. பயிற்சியில் முதல் நாள் சொல்லிக் கொடுப்பதே அதுதான். அன்று மெட்ராஸில் இருந்தவர் ஓர் ஆண். எங்கள் வட்டாரத்தில் அவரை சிடுமூஞ்சி என்போம். மூன்று நிமிடம் முடிந்தால் பாதி வார்த்தையில் வெட்டிவிடுவார். அவர் இதற்கு ஒத்துக்கொள்வாரா என்று எனக்குப் பயம். நாக்பூர் கேட்டுச் சொன்னாள்: "மெட்ராஸ் சரி என்கிறார். சீக்கிரம் சொல்லச் சொல்கிறார்."

கவுண்ட்டர்காரர் ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்ததை எனக்குப் படித்தார். பென்சிலின். நான் நாக்பூருக்குச் சொன்னேன், நாக்பூர் மெட்ராஸுக்குச் சொன்னாள், மெட்ராஸ் ஆத்தூருக்கு. ஆத்தூர் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர் ஆஸ்பத்திரி குமாஸ்தாவிடம் கத்த, அவர் நர்ஸைக் கூட்டி வர ஓடினாராம். அது வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து, ஓர் அமைச்சக அதிகாரியின் பி.ஏ. லைன் கேட்டுக் கூப்பிட்டார். மேடமே எடுத்தார்.

"லைன் பிஸி ஹை, சாப்."

மறுமுனையில் அதட்டல் எனக்கே கேட்டது. எங்களுடைய லைனில் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்டிருப்பார் போல.

"பப்ளிக்," என்றார் மேடம். வைத்துவிட்டார்.

அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்ன விதம்! எங்களிடம் மந்திரி பேசுகிறார், தூதர் பேசுகிறார் என்றுதான் பயபக்தியோடு சொல்வார்கள். அதே குரலில், அதே மரியாதையோடு அவர் பப்ளிக் என்றார். நாட்டை நினைத்து எப்போது பெருமைப்பட்டீர்கள் என்று கேட்டீர்களே, குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடம்தான்.

ஆத்தூரிலிருந்து ஒரு கேள்வி வந்தது. மெட்ராஸிடமிருந்து நாக்பூர், நாக்பூரிடமிருந்து நான். வார்டில் இரண்டு செல்வி இருக்கிறார்கள், எந்தச் செல்வி? அஞ்சலையிடம் கேட்டேன். "எடது புருவத்துல தழும்பு இருக்குமுங்க. அம்மிக்கல்லுல உழுந்தது." எடது புருவம் இடது புருவமாகி, 'லெஃப்ட் ஐப்ரோ'வாகி, நாக்பூரைத் தாண்டி மறுபடி இடது புருவமாகி ஆத்தூருக்குப் போனது. எங்கள் தலைக்கு மேல் சுவர்க் கடிகாரம் இரண்டு நாற்பதைக் காட்டியது. மேடம் என் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடது பக்கத்துப் பஞ்சாபிப் பெண் சத்தம் போடாமல் என் பொதுமக்கள் சீட்டுகளை எடுத்துத் தன் குவியலோடு சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

"தில்லி." நாக்பூரின் குரல் ஏறியிருந்தது. "பொண்ணு கிடைச்சுட்டா. மூணு மணிக்கு டாக்டர் வராராம். ஊசி எழுதியிருக்கு, இன்னும் போடலை. நர்ஸ் அதை அடிச்சுட்டு, பென்சிலின் கூடாதுன்னு பெரிசா எழுதிட்டாங்களாம். டாக்டர்கிட்ட கையில குடுத்துட்டுத்தான் நகருவாங்களாம்."

நான் அஞ்சலையிடம் சொன்னேன். அவள் அழுதாள். கவுண்ட்டர்காரர் யாரிடமோ தண்ணீர் கொண்டு வரச் சொன்னதும் கேட்டது. முடிந்தது என்று லைனை விடப்போனேன்.

"அம்மா, ஒரே ஒரு வார்த்தை. எம்பொண்ணுகிட்ட சொல்லச் சொல்லும்மா. அம்மா வந்துக்கிட்டே இருக்கறேன், அழுவாத கண்ணுன்னு."

எனக்கு அப்போது அவசரம். நாக்பூருக்கு ஹிந்தியில் மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் தடுத்துவிட்டாள்.

"மாற்றாதே. அம்மா சொன்னது எப்படியோ அப்படியே கொடு. குழந்தை அதைத்தான் கேட்க வேண்டும்."

தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாதவள் அவள். நான் துண்டு துண்டாகச் சொன்னேன். அம்மா. வந்துக்கிட்டே. இருக்கறேன். அழுவாத. கண்ணு. அவள் ஒருமுறை என்னிடம் சொல்லிப் பார்த்தாள். பிசகே இல்லை. பிறகு மெட்ராஸுக்குச் சொன்னாள். சற்று நேரம் ஒன்றும் வரவில்லை.

"தில்லி, லைன் கெட்டுப்போகிறது. மெட்ராஸ் குரல் விட்டுவிட்டு வருகிறது," என்றாள். அப்புறம், "ஆங், சொல்லியாச்சாம்."

அதற்கும் ஆத்தூரிலிருந்து ஒரு பதில் வந்தது. நாக்பூர் அதை எனக்கு இங்கிலீஷில் தந்தாள்: "குழந்தை அழவில்லை. சித்திதான் அழுகிறாள்." மேடம் முதலில் சிரித்தார். பிறகு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

நான் சீட்டை எடுத்து, குறிப்புப் பகுதியில் எழுத வேண்டியதை எழுதினேன். "நாக்பூருக்கு அப்பால் லைன் மோசம்."

அஞ்சலையை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கே ரயிலேறிவிட்டாளாம். இரண்டு மாதம் கழித்துச் செல்வியை அழைத்துக்கொண்டு சரோஜினி நகர் கவுண்ட்டருக்கு வந்து, அந்த பையாவுக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிட்டுப் போனாளாம். எனக்கு என்று எடுத்து வைத்த பாதியிலும் அவர் சாப்பிட்டதுபோக மீதிதான் வந்து சேர்ந்தது. அதையும் நாங்கள் ஷிப்டில் பங்கு போட்டுக்கொண்டோம்.

மேடத்துக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு மெமோ வந்தது. "அழைப்பு உயிர் சம்பந்தப்பட்டது. முடிவு என்னுடையது" என்று இரண்டே வாக்கியம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் பெயரை எங்கேயும் எழுதவில்லை. அவருடைய பதவி உயர்வு அதனால் தள்ளிப்போனதென்று பேசிக்கொண்டார்கள். அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "இனிமேல் தந்தி என்றால் முதலில் தேதியைக் கேள்" என்று மட்டும் சொன்னார்.

இதைப் படித்துவிட்டு விதியை மீறலாம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வரிசை என்பது நல்ல விஷயம். முன்னால் நிற்பவர் யார் பெற்ற பிள்ளை என்று பார்க்காத வரிசைக்காகத்தான் அந்த வங்காளிக்காரர் புகார் எழுதினார், அவர் செய்தது சரி. நான் சொல்வது வேறு. நம்மவர் என்று தூக்கி விடுவது எவ்வளவு தப்போ, நம்மவர் என்பதற்காகவே காதை மூடிக்கொள்வதும் அவ்வளவு தப்பு. இரண்டிலும் எதிரே இருக்கும் ஆள் என்ன சொல்கிறார் என்பதை நாம் கேட்பதில்லை. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு குழந்தையின் உயிர் பணயமாக வேண்டியிருந்தது. உங்களுக்கு அது வேண்டாம்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. அடுத்த ஜனவரியில் பொங்கலுக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். எந்த ரயில், எந்தப் பெட்டி என்று நாக்பூரிடம் சொல்லி வைத்திருந்தேன். நாக்பூர் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் இறங்கி நின்றேன். முகம் தெரியாது, பெயர் தெரியாது. எப்படித் தேடுவது? அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"தில்லி! ஏ தில்லி!"

"நாக்பூர்! இங்கே, நாக்பூர்!" என்று நானும் கத்தினேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "இதுதான் நாக்பூர் பெஹன்ஜி, ஏன் கத்தறீங்க?" என்றார்.

குட்டையாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஒரு பை ஆரஞ்சோடு வந்து நின்றாள். என்னைவிடப் பத்து வயது பெரியவள். இத்தனை நாள் நீ வா போ என்று பேசியது எனக்கு வெட்கமாகிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளே தவிர, இரண்டு பேருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. ஹெட்செட் இல்லாமல் நாங்கள் பேசியதே இல்லையே. வண்டி கிளம்ப மணி அடித்தபோது திடீரென்று கேட்டாள்.

"அன்றைக்கு ஒன்று சொல்லச் சொன்னாயே. அம்மா வந்துக்கிட்டே இருக்கறேன், அழுவாத கண்ணு." எட்டு மாதம் கழித்தும் ஓர் எழுத்துப் பிசகவில்லை. "அதற்கு என்ன அர்த்தம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அவளுக்கு அர்த்தம் சொல்லவே இல்லை. தெரியாமலேயே அதைச் சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள், சேர்த்த பிறகும் கீழே போடாமல் வைத்திருக்கிறாள். ஹிந்தியில் சொன்னேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

"அதனால்தானா?" என்றாள். "இதை நான் சொன்னதும்தான் மெட்ராஸின் குரல் அப்படி உடைந்து உடைந்து வந்தது. நான் லைன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்."

வண்டி நகர்ந்துவிட்டது. ஆரஞ்சுப் பையை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டுவிட்டு, நடைமேடை முடியும்வரை கூடவே நடந்து வந்தாள்.

பிள்ளைகளே, உங்களுடைய பழைய ரெக்கார்டு அறையில் அந்தச் சீட்டு இன்னும் இருக்குமா என்று தெரியாது. எப்போதாவது கண்ணில் பட்டால், குறிப்புப் பகுதியில் என் கையெழுத்தில் இருப்பதை அடித்துவிடுங்கள். நாக்பூருக்கு அப்பால் அன்று லைன் நன்றாகத்தான் இருந்தது.